பயன்கொண்டதை விடுவித்தல்: மெய்நிகர் இயந்திர மென்பொருளில் துப்புரவு வழுக்களின் வரலாறு

மாத்தளை மாவட்டத்தின் தொன்மையை ஆராய்வோர் அங்கு இரு பெருஞ் செயல்களின் தடயங்களைக் காண்பர். ஒன்று பதிந்து வைத்தல். மற்றையது தேக்கி விடுவித்தல். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னனின் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே பேணப்பட்டு வந்த திரிபிடகம் மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் ஏடுகளில் எழுதப்பட்டது என மரபு கூறும். பஞ்சமும் படையெடுப்பும் நாட்டை வருத்திய அக்காலத்தில், மனனஞ் செய்தோர் மடிந்தால் நூலும் மடியும் என்ற அச்சமே அம்முயற்சிக்குக் காரணமாயிற்று. அம்மாவட்டத்தினூடாகப் பாயும் அம்பன் கங்கையின் நீரை எலஹெரக் கால்வாய்க்குத் திருப்பிய பண்டைய அணை தொடக்கம், 2018இல் திறந்துவைக்கப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கம் வரை, நீரைத் தேக்குதலும் வேண்டுமிடத்து விடுவித்தலும் அப்பிரதேசத்தின் நெடிய வரலாறாக அமைந்துள்ளன. குளங் கட்டிய பண்டையோர் துருசையும் உடன் அமைத்தனர். பிசோகொட்டுவ எனச் சிங்களத்தில் வழங்கும் மதகுக் கிணறு, தேங்கிய நீரை அளவோடு வெளியேற்ற உதவியது. விடுவிக்கும் வழியின்றித் தேக்கிய நீர் கட்டையே உடைத்துவிடும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

பதிதல், விடுவித்தல் என்னும் இவ்விரு கடமைகளும் நீர்ப்பாசனத்துக்கும் ஏட்டுச் சுவடிகளுக்கும் மட்டும் உரியனவல்ல. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் எப்பொருளை நிருவகிப்பவரும், எது எவரிடம் உள்ளது எனப் பதிந்து வைத்தல் வேண்டும். பயன் முடிந்ததும் அதனை மீட்டுப் பொதுவில் சேர்த்தலும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய கணனித் துறையின் ஒரு பிரிவில் இவ்விரு கடமைகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிறழ்ந்தபோது விளைந்த தீங்குகளையும், அவற்றைத் திருத்தியோரின் அமைதியான உழைப்பையும் வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணனிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணனி. ஒரே வன்பொருளின் மீது இத்தகைய பல இயந்திரங்கள், ஒன்றையொன்று அறியாது, தனித்தனிக் கணனிகள் போலவே இயங்கும். அவற்றை உருவாக்கியும் இயக்கியும் இடம்பெயர்த்தும் இறுதியில் அழித்தும் வரும் மென்பொருளே மெய்நிகர் இயந்திர முகாமைத்துவ மென்பொருள் எனப்படும். ஓர் இயந்திரம் பிறக்கும்போது அதற்கு நினைவகத்தில் ஒரு பகுதி, வட்டில் ஒரு பரப்பு, வலையமைப்பு முகவரி ஒன்று, கோப்புகள் மீதான பூட்டுகள் எனப் பலவும் ஒதுக்கப்படுகின்றன. அவ்வியந்திரம் முடிவுறும்போது இவை யாவும் திரும்பப் பெறப்படல் வேண்டும். இம்மீட்பு நிகழாது போதல், அரைகுறையாக நிகழ்தல், இருமுறை நிகழ்தல் ஆகியனவே துப்புரவு வழுக்கள் எனப்படுவன.

இத்துறையின் தோற்றம் 1960களுக்கு உரியது. ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் விஞ்ஞான நிலையத்தில் 1964ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்ற சீ.பி.-40 என்னும் முறைமை, 1967இல் முழுமையான பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே கணனியில் 14 மெய்நிகர் இயந்திரங்களை அது இயக்கியது. கணனி பெருவிலையுடையதாய், பலர் காத்திருந்து பயன்படுத்தும் பொருளாய் இருந்த அக்காலத்தில், ஒவ்வொருவருக்கும் தனிக் கணனி கிடைத்தது போன்ற தோற்றத்தை அது அளித்தது. அதன் வழித்தோன்றலான வீ.எம்.-370 என்னும் முறைமை 1972இல் அறிவிக்கப்பட்டது. அதன் மூலநிரல் பயனாளருக்கும் வழங்கப்பட்டமையால், பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் தாம் கண்ட குறைகளைத் தாமே திருத்தி, அத்திருத்தங்களைப் பயனாளர் சங்கங்கள் வாயிலாகப் பகிர்ந்துகொண்டன. திறந்த மூல மென்பொருள் என்ற பெயர் தோன்றுவதற்கு முன்னரே அதன் நடைமுறை இங்கு வேரூன்றியிருந்தது எனலாம்.

1974இல் பொப்பெக், கோல்ட்பேர்க் என்னும் இரு அறிஞர்கள் மெய்நிகர் இயந்திர முறைமை ஒன்றுக்கு இன்றியமையாத பண்புகள் மூன்றினை வரையறுத்தனர். மெய்யான இயந்திரத்தில் இயங்குவது போலவே நிரல் இயங்கவேண்டும் என்பது ஒன்று. பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி வன்பொருளிலேயே நிறைவேற வேண்டும் என்பது மற்றொன்று. மூன்றாவது, வளங்கள் அனைத்தின் மீதும் முழுக் கட்டுப்பாடு மேலாளும் மென்பொருளிடமே இருத்தல் வேண்டும் என்பது. இம்மூன்றாம் பண்பு ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. கொடுப்பதற்கு மட்டும் அதிகாரமுடையது முழுக் கட்டுப்பாடு ஆகாது. கொடுத்ததை மீட்கும் ஆற்றலும், மீட்டதை அறியும் ஆற்றலும் அதனுள் அடங்கும். எனவே துப்புரவு என்பது இத்துறையில் பின்னர் ஒட்டப்பட்ட பணியன்று. அதன் இலக்கணத்திலேயே இடம்பெற்ற பணியாகும்.

தனியாள் கணனிகள் பரவிய காலத்தில் இவ்வறிவு சிலகாலம் பெருங் கணனிகளுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தது. 1998இல் நிறுவப்பட்ட வீ.எம்.வெயார் நிறுவனம் சாதாரண கணனிகளில் மெய்நிகர் இயந்திரங்களை இயக்கலாம் என்பதை மறுவருடம் வெளியிட்ட தன் மென்பொருளால் மெய்ப்பித்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ஸென் என்னும் திறந்த மூல முறைமை பற்றிய ஆய்வுக் கட்டுரை 2003இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த பப்ரிஸ் பெலார்ட் கியூஎமு என்னும் மென்பொருளை வெளியிட்டார். கே.வி.எம். என்னும் பகுதி 2007இல் லினக்ஸ் கருவினுள் இணைந்தது. இவ்வாறு பல்கிய முறைமைகளை ஒரே விதமாகக் கையாளுதற்கென டானியல் வெய்யாரின் முயற்சியால் 2005இல் தோன்றியதே லிப்வேர்ட் என்னும் திறந்த மூல மென்பொருள். 2010இல் ரக்ஸ்பேஸ் நிறுவனமும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் இணைந்து ஓப்பன்ஸ்ராக் என்னும் முகிற் கணிமைத் திட்டத்தைத் தொடங்கின. அதன் பின்னர் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் மனிதர் கை படாமலே நாள்தோறும் பிறந்து மறையும் நிலை ஏற்பட்டது.

பிறப்பும் மறைவும் பெருகப் பெருக, துப்புரவின் குறைகள் வெளிப்படலாயின. மென்பொருட் பாதுகாப்புக் குறைகளுக்கு எண்ணிட்டுப் பகிரங்கமாகப் பதியும் சீ.வி.ஈ. என்னும் பதிவேடு 1999 முதல் பேணப்பட்டு வருகிறது. திறந்த மூல மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும், எவ்வரி எப்போது ஏன் மாற்றப்பட்டது என்ற குறிப்புடன் நிலைத்து நிற்கிறது. வரலாற்று மாணவனுக்குச் சாசனங்களும் ஆவணக் காப்பகமும் எத்தகையனவோ, மென்பொருளின் வரலாற்றை ஆராய்வோனுக்கு இவை அத்தகையன. இவ்வாதாரங்கள் காட்டும் வழுக்களை நான்கு வகையாகப் பகுத்து நோக்கலாம்.

முதலாவது, விடுவித்தும் அழிக்காத வகை. ஓர் இயந்திரத்துக்கு அளித்த வட்டுப் பரப்பை மீட்ட மென்பொருள், அதில் எழுதப்பட்டிருந்தவற்றை அழியாமலே அடுத்தவருக்குக் கொடுத்துவிடுதல் இதன் இயல்பு. ஓப்பன்ஸ்ராக்கின் நோவா என்னும் பகுதியில் 2012இல் பதியப்பட்ட சீ.வி.ஈ.-2012-5625 என்னும் குறை இத்தகையது. குறித்த ஒருவகை வட்டு அமைப்பைப் பயன்படுத்திய இடங்களில், புதிதாக இயந்திரம் பெற்றவர் தமக்கு முன்பிருந்தவரின் தரவுகளைப் படிக்கக்கூடியதாயிருந்தது. மறுவருடம் அதே திட்டத்தின் சிண்டர் என்னும் சேமிப்புப் பகுதியில் இதையொத்த குறை சீ.வி.ஈ.-2013-4183 எனப் பதிவாயிற்று. ஒரு பகுதியிற் கற்ற பாடம் அயற்பகுதியைச் சென்றடையக் காலம் பிடித்தது என்பதற்கு இது சான்றாகும். வாடகை வீட்டை விட்டு நீங்கியவரின் கடிதங்கள் புதிய குடியிருப்பாளரின் கையிற் சிக்கியது போன்ற நிலை இது. அக்கடிதங்கள் மருத்துவமனைக் குறிப்புகளாயோ வங்கிக் கணக்குகளாயோ இருப்பின் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, பதிவும் மெய்ந்நிலையும் முரண்படும் வகை. நோவாவில் ஓர் இயந்திரத்தின் பருமனை மாற்றும்போது அது வேறொரு தாங்கிக் கணனிக்குப் பிரதி செய்யப்படும். அவ்வேலை நடந்துகொண்டிருக்கையிலேயே பயனாளர் அதனை நீக்குமாறு கட்டளையிட்டால், இயந்திரம் நீங்கிவிட்டதாகப் பதிவேடு காட்டும். ஆனால் அதன் வட்டுக் கோப்புகள் தாங்கிக் கணனியில் எஞ்சி நிற்கும். 2015இல் பதியப்பட்ட சீ.வி.ஈ.-2015-3280 இக்குறையையே குறிக்கும். அதே ஆண்டின் சீ.வி.ஈ.-2015-3241, நீக்கிய பின்னரும் இடம்பெயர்த்தும் வேலை ஓயாது தொடர்ந்த குறையாகும். பயனாளரின் கணக்கில் எதுவும் மிஞ்சாமையால் அவர் மீண்டும் மீண்டும் இவ்வாறு செய்து, தாங்கிக் கணனியின் வட்டு முழுவதையும் நிரப்பிப் பிறர் பணியை முடக்க இயலும். தீய நோக்கம் உடையவருக்கு இஃதொரு கருவி. நோக்கமேதும் இன்றி அவசரப்பட்டவருக்கும் இதே விளைவுதான்.

மூன்றாவது, ஒருமுறை விடுவித்ததை மீண்டும் விடுவிக்கும் அல்லது பயன்படுத்தும் வகை. கியூஎமுவில் 2015இல் வெளிப்பட்ட சீ.வி.ஈ.-2015-5166 இதற்குத் தக்க உதாரணம். ஸென் முறைமையின் கீழ் இயங்கிய ஓர் இயந்திரம், தன்னோடு இணைக்கப்பட்ட போலி வட்டுச் சாதனத்தைக் கழற்றுமாறு கேட்கும்போது, அச்சாதனத்தின் தடயங்கள் முழுமையாக நீக்கப்படவில்லை. மீண்டும் ஒருமுறை கழற்றக் கேட்டால், முன்னரே திருப்பியளிக்கப்பட்ட நினைவகப் பகுதியை மென்பொருள் தொடும். அவ்வேளை அப்பகுதியில் வேறெது இடம்பெற்றிருக்கும் என்பது நிச்சயமில்லை. இதனைப் பயன்படுத்தி, உள்ளே அடைபட்டிருக்க வேண்டிய விருந்தினர் இயந்திரம் தனக்குரித்தில்லாத அதிகாரத்தைப் பெறலாம் என அறிவிக்கப்பட்டது. துப்புரவில் நேர்ந்த சிறு பிழை, இயந்திரங்களைப் பிரித்து நின்ற சுவரையே துளைக்க வல்லதாயிற்று.

நான்காவது வகை எளியது. ஆயினும் மிகப் பரந்தது. நினைவகத்தின் சிறு துணுக்கு ஒவ்வொன்றாக மீளாமல் ஒழுகிப் போதல் அது. ஒரு நாளில் அது புலப்படாது. மாதக்கணக்கில் நிற்காது இயங்கும் முகாமைத்துவ மென்பொருளில், தூர்வாராத குளம் மெல்ல மெல்ல மேடாவது போல, இடம் குறைந்து குறைந்து ஈற்றில் முறைமை நின்றுவிடும்.

இவ்வழுக்கள் திறமையற்றோரின் பிழைகள் எனக் கொள்வது பொருந்தாது. ஓர் இயந்திரத்தை உருவாக்குதல் பல படிகளையுடையது. எல்லாப் படிகளும் வெற்றியுறும் வழி நாள்தோறும் நடந்து பார்க்கப்படும் வழி. ஏழாம் படியில் தோல்வியுற்றால் முன்னைய ஆறு படிகளையும் பின்னோக்கி வரிசையாகக் குலைத்தல் வேண்டும். மூன்றாம் படியில் தோல்வியுற்றால் இரண்டினை மட்டும் குலைத்தல் வேண்டும். குலைக்கும் வேளையில் மின்சாரம் தடைப்பட்டால், எது குலைந்தது எது குலையவில்லை என்பதே ஐயமாகும். இத்தோல்வி வழிகள் எண்ணிறந்தன. அவற்றில் நடப்போர் அரியர். எனவே அவற்றின் பள்ளங்கள் எவரேனும் விழும்வரை வெளித்தெரிவதில்லை.

திருத்த முயற்சிகளின் வரலாறும் படிமுறையானது. சீ என்னும் நிரல் மொழியில் எழுதப்பட்ட லிப்வேர்ட், தொடக்கத்தில் ஒவ்வொரு செயற்கூறின் இறுதியிலும் துப்புரவு என்றொரு பகுதியை வைத்து, இடையில் எங்கு தோல்வி நேரினும் அங்கு தாவும் மரபைப் பின்பற்றியது. அது ஒழுங்கான மரபே. ஆயின் ஒவ்வொரு முறையும் மனிதன் மறவாதிருத்தலில் தங்கியிருந்தது. ஒரு பொருளைப் பல பகுதிகள் பயன்படுத்தும்போது, எத்தனை பகுதிகள் இன்னும் பற்றியுள்ளன என எண்ணி, எண்ணிக்கை பூச்சியமானபோது மட்டும் விடுவிக்கும் முறை அடுத்துக் கைக்கொள்ளப்பட்டது. 2018இல், கூகிள் கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் கீழ், ஒரு மாறி தன் எல்லையைக் கடந்ததும் தானாகவே விடுவிக்கப்படும் முறையை லிப்வேர்ட்டின் பழைய நிரல்களிற் புகுத்தும் வேலை மேற்கொள்ளப்பட்டது. இப்பெரும் வேலையில் ஈடுபட்டவர் ஒரு மாணவர் என்பது குறிப்பிடத்தக்கது. 2019இல் ஜீ-லிப் என்னும் பொது நூலகத்தை ஏற்றமையால் இம்முறை மேலும் உறுதிபெற்றது. இதற்கு அடிப்படையான வசதி ஜீ.சீ.சீ. தொகுப்பியில் நெடுங்காலமாகவே இருந்தது. லினக்ஸ் கருவே இதனை முறையாக ஏற்றுக்கொண்டது 2023இல்தான். அறிந்த தீர்வு வழக்காறாவதற்கு ஆண்டுகள் பல செல்லும் என்பது இதனாற் புலனாகும்.

பதிவுக்கும் மெய்ந்நிலைக்கும் இடையிலான முரணைத் தீர்க்க வேறு வழி வேண்டியதாயிற்று. லிப்வேர்ட் இயங்கும் ஒவ்வோர் இயந்திரத்தின் நிலையையும் கோப்பில் எழுதி வைக்கிறது. அம்மென்பொருள் தானே இடைநின்று மீள எழுந்தாலும், அக்கோப்பைப் படித்து, தன் பொறுப்பிலுள்ள இயந்திரங்களை மீண்டும் இனங்காண்கிறது. நினைவில் மட்டும் வைத்திருப்பது நினைவோடு அழியும் என்னும் அலுவிகாரை உணர்வே இதன் அடிப்படை. நோவாவோ காலமுறைச் சோதனை ஒன்றை மேற்கொள்கிறது. நீக்கப்பட்டதாகப் பதிவு கூறியும் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் உளவா என, வழமையான அமைப்பில் 1800 செக்கனுக்கு ஒருமுறை பார்த்து, உளவாயின் அவற்றை அகற்றுகிறது. ஒரு செயல் முற்றிலும் பிழையின்றி நடக்கும் என நம்பாது, பிழை நேரும் எனக் கொண்டே மீளச் சரிபார்க்கும் இம்மனப்பாங்கு இத்துறையின் முதிர்ச்சியைக் காட்டுவதாகும்.

இவ்வரலாற்றில் இலங்கையின் பங்கு புறக்கணிக்கத் தக்கதன்று. 2003இல் சஞ்சீவ வீரவரணவின் முன்முயற்சியால் லங்கா மென்பொருள் மன்றம் நிறுவப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோளின் பின், காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிந்து நிருவகிக்கும் சகன என்னும் திறந்த மூல மென்பொருள் இந்நாட்டிலேயே உருவாயிற்று. 2005இல் தொடங்கிய கூகிள் கோடைகாலத் திட்டத்தின் முதற் பத்தாண்டில், உலகப் பல்கலைக்கழகங்கள் யாவற்றிலும் மிகக் கூடுதலான மாணவரை அனுப்பிய பெருமை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு உரியது. அதே 2005இல் தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் உருவாக்கிய ஸ்ரட்டோஸ் என்னும் முகிற் கணிமை மென்பொருள், 2013இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டு, 2014இல் அதன் முதனிலைத் திட்டங்களுள் ஒன்றாயிற்று.

ஸ்ரட்டோஸ் இக்கட்டுரையின் பொருளுக்கு மிக அண்மித்தது. வேலைச் சுமை கூடும்போது வாடகை முகிலில் புதிய மெய்நிகர் இயந்திரங்களை எழுப்பி, சுமை குறையும்போது அவற்றை அழித்தல் அதன் தலையாய பணி. எழுப்புதல் எவர் கண்ணுக்கும் புலப்படும் வெற்றி. அழிக்கத் தவறிய இயந்திரமோ எவர் கண்ணிலும் படாது வாடகையை வளர்த்துக்கொண்டே இருக்கும். எனவே இத்தகைய மென்பொருளின் தரம் அதன் சுருங்கும் ஆற்றலாலேயே அளக்கப்படும். அத்திட்டமும் பின்னர் ஓய்வு பெற்றது. ஓய்வுபெற்ற திட்டங்களுக்கென அப்பாச்சி அறக்கட்டளை பேணும் பரணில், எவரும் படிக்கக்கூடியதாக அதன் நிரல்கள் வைக்கப்பட்டுள்ளன. முடிந்ததை முடிந்ததென அறிவித்து, பொறுப்பை விடுவித்து, பதிவை மட்டும் பேணும் இவ்வொழுங்கும் ஒருவகைத் துப்புரவே.

திறமை உள்ள நாட்டிலும் பராமரிப்பு பின்தள்ளப்படலாம் என்பதற்கு அண்மைய சான்று ஒன்று உண்டு. 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரச முகில் மீது கப்பம் கோரும் தீநிரல் தாக்குதல் நிகழ்ந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. மே 17ஆம் திகதி முதல் தாக்குதல் நாள் வரையிலான தரவுகளை மீட்க இயலவில்லை. காலங்கடந்த மென்பொருட் பதிப்பு உரிய வேளையில் மேம்படுத்தப்படாதிருந்தமையும், வலையமைப்பினின்று பிரித்துவைத்த காப்புப் பிரதி இன்மையும் பின்னர் வெளிப்பட்டன. இது துப்புரவு வழுவன்று. எனினும் புதியதை அமைப்பதற்குக் கிடைக்கும் நிதியும் புகழும், அமைத்ததைப் பேணுவதற்குக் கிடைப்பதில்லை என்ற பொதுக் குறையிலிருந்தே இரண்டும் பிறக்கின்றன. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் ஓய்வூதியக் கோப்பும் படிப்படியாக இத்தகைய முறைமைகளுக்கு மாறும் காலத்தில், இக்குறையின் சுமை தலைநகரில் மட்டும் தங்கிவிடாது. இரத்தோட்டையிலோ உக்குவளையிலோ ஒரு மூலப்பத்திரத்துக்காகக் காத்திருக்கும் தோட்டத் தொழிலாளி வரை அது சென்றடையும்.

வரலாறு பெரும்பாலும் கட்டியோரின் பெயர்களையே பொறித்து வைத்துள்ளது. குளத்தைக் கட்டிய மன்னனின் பெயர் நிலைத்தது. ஆண்டுதோறும் துருசைச் சோதித்தும் வண்டலை அகற்றியும் வந்தோரின் பெயர்கள் மறைந்தன. கணனி வரலாறும் இதே வழியிற் செல்லத் தலைப்பட்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. திறந்த மூல மென்பொருளில், ஒரு நினைவகத் துணுக்கை மீட்க ஒரேயொரு வரியைச் சேர்த்தவரின் செயலும் திகதியோடும் காரணத்தோடும் பதிவாகியே நிற்கிறது. பராமரித்தோரின் வரலாற்றை முதன்முறையாக முழுமையாக எழுதுவதற்கான ஆதாரம் இதனாற் கிட்டியுள்ளது. அவ்வரலாற்றை ஆராய்தல் கலைப்பீட மாணவருக்கும், அவ்வரிகளை எழுதுதல் அறிவியல் மாணவருக்கும் எட்டாத பணிகளல்ல. ஒரு கணனியும், மூலநிரலைப் பொறுமையுடன் படிக்கும் பழக்கமும் இருப்பின், மாத்தளையின் ஒரு கிராமத்திலிருந்தும் உலகின் பெருமுறைமை ஒன்றின் கசிவை அடைக்கலாம். தொடங்கியதை முறையாக முடித்து, கொண்டதைக் குறைவின்றித் திருப்பியளிக்கும் ஒழுக்கமே பகிர்ந்து வாழும் எவ்வமைப்புக்கும் அடித்தளம் என்பதை, துப்புரவு வழுக்களின் அரை நூற்றாண்டு வரலாறு தெளிவுற உணர்த்துகிறது.